கோடு போடுவதற்கு முன் எங்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், திருகோணமலை மாவட்ட அனர்த்த முகாமைத்துவக் குழுவினருக்கும்,

வணக்கம். 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் குலுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அந்தக் குலுக்கம் தண்ணீராகக் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிலாவெளிக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் காலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பின் வந்த மாதங்களில், யார் திரும்பி வந்து எங்கே வீடு கட்டலாம் என்று தீர்மானிக்கப்பட்ட விதத்தைப் பற்றித்தான் இம்மடல்.

அலை வற்றிய சில கிழமைகளிலேயே கரையோரத்தில் வீடு கட்டுவதற்குத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எங்கள் பக்கம் ஏன் இரட்டிப்பு என்று கேட்டவர்களுக்கு அலையின் உயரத்தைக் காரணமாகச் சொன்னார்கள். அதை ஏற்றுக்கொண்டாலும், உல்லாச விடுதிகளுக்கு மட்டும் அதே கரையில் எப்படி விலக்குக் கிடைத்தது என்பதற்கு இன்றுவரை எனக்கு விளங்கக்கூடிய பதில் கிடைக்கவில்லை. கரைவலை இழுப்பவனின் வாடிக்கு ஆபத்தான மணல், சுற்றுலாப் பயணியின் கட்டிலுக்கு ஆபத்தில்லாமல் போய்விடுமா?

என் சின்னம்மாவின் வீட்டை இரண்டு தடவை அளந்தார்கள். முதல் தடவை தை மாதம். வாடைக்காற்றில் கடல் மணலை அரித்துக்கொண்டு தென்னங்குற்றிகள் வரை ஏறி நின்றது. நாடாவின் ஒரு நுனியை அந்த ஈர விளிம்பில் பிடித்தபோது, 200 மீற்றர் அவருடைய குசினியைத் தாண்டி விழுந்தது. மிஞ்சியிருந்த அரைச்சுவரில் சிவப்புப் பெயின்ற்றால் ஒரு பெருக்கல் அடையாளம் போட்டார்கள். இரண்டாந்தடவை ஆடி மாதம். சோளகத்தில் கரை வழக்கம்போல வளர்ந்திருந்தது, கோடு முற்றத்திலேயே நின்றுவிட்டது, வீடு தப்பியது. ஆனால் கோப்பில் ஏறியிருந்தது தை மாதத்து அளவு. தடைக்குள் இருப்பதால் திருத்தவேலைக்கு உதவித்தொகை இல்லை என்றது ஓர் அலுவலகம். காணி உறுதி இல்லாததால் புதிய வீட்டுத்திட்டத்திலும் பெயர் சேர்க்க முடியாது என்றது இன்னோர் அலுவலகம். உறுதியை அலை கொண்டுபோன கதையை அவர் இரண்டு இடத்திலும் சொன்னார். ஓராண்டளவில் தடை தளர்த்தப்பட்டபோது அவர் காப்புகளை அடகு வைத்து, அந்தச் சிவப்பு அடையாளத்தின் மேலேயே பூச்சுப் பூசியிருந்தார். ஆறு மாதத்துக்கொரு முறை இடம் மாறும் கரையை ஒரே நாளில் அளந்து சட்டமாக்குவதன் அபத்தம் எங்கள் ஊரில் வலை பின்னும் பிள்ளைக்கும் தெரியும்.

இது வெறும் நிர்வாகத் தவறு என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வந்த உதவியைப் பங்கிடுவதற்கென அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று ஒப்பமிட்ட பொதுக்கட்டமைப்பு என்ற உடன்படிக்கை, மூன்று கிழமைகளில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. அதில் கையொப்பமிடும் தரப்பாகத் தங்களைச் சேர்க்கவில்லை என்ற முஸ்லிம் மக்களின் மனக்குறையும் நியாயமானதே. மூன்று இனத்தவரும் வாழும் இந்த மாவட்டத்தில், செங்கல்லை யார் கையால் கொடுப்பது என்பதே செங்கல்லை விடப் பெரிய விடயமாகிவிட்டது.

நில அதிர்வில் இடிந்த வேறு ஊர்களிலும் இதே கதைதான். 1906இல் சான்பிரான்சிஸ்கோ இடிந்து எரிந்தபின், சீனர்களின் குடியிருப்பை நகரின் ஓரத்துக்குத் தள்ளிவிட அங்குள்ள பெரியவர்கள் திட்டமிட்டார்கள். சீனர்கள் அசையாமல் பழைய இடத்திலேயே கட்டிக்கொண்டார்கள். இத்தாலியின் லாக்குயிலா 2009 ஏப்ரலில் இடிந்து 309 பேர் இறந்தபோது, அரசாங்கம் சில மாதங்களில் நகருக்கு வெளியே 19 புதிய குடியிருப்புகளை எழுப்பியது. வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய நகரத்தின் நடுப்பகுதி படையினரின் காவலில் பூட்டிக் கிடந்தது. அடுத்த ஆண்டு மக்கள் தள்ளுவண்டிகளோடு தடையைத் தாண்டி உள்ளே புகுந்து, தங்கள் தெருக்களின் இடிபாட்டைத் தாங்களே அள்ளத் தொடங்கினார்கள். பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாமல் எங்கள் மாவட்டத்துச் சம்பூர் மக்கள் போருக்குப் பின்னும் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்ததை அறிந்த எவருக்கும், அந்தத் தள்ளுவண்டிகளின் அர்த்தம் புரியும்.

குஜராத்தின் பூஜ் நகரம் 2001 ஜனவரி 26 அதிர்வுக்குப் பின் வேறொரு வழியில் போனது. வீதிகளை அகலமாக்கக் காணிகளில் ஒரு பங்கு எடுத்தார்கள், ஆனால் சிறிய காணியில் குறைவாகவும் பெரிய காணியில் கூடுதலாகவும் எடுத்தார்கள். வீடு கட்டும் பணத்தைக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் அல்லாமல் வீட்டுக்காரரிடமே தவணை தவணையாகக் கொடுத்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் அங்கும் பின்தள்ளப்பட்டார்கள் என்பதை மறைக்க வேண்டாம். ஆயினும் வெட்டு எவ்வளவு என்பது ஒரு விதியாக எழுதப்பட்டிருந்தபடியால், அதை எதிர்த்துப் பேசவாவது மக்களுக்கு ஒரு பிடி இருந்தது.

அந்தப் பிடிதான் எங்களுக்கு வேண்டும், அதுவும் அடுத்த அலையோ புயலோ வருமுன். அனர்த்தம் நடந்த மறுநாள் எல்லோரும் முகாமில், கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்கும்போது எந்தக் கோட்டையும் எவரும் போட்டுவிடலாம். எனவே, மாவட்டத்தின் கரையோரத்தில் எங்கே திரும்பக் கட்டலாம், எங்கே கூடாது என்பதை இப்போதே தீர்மானித்து, விடுதிக்கும் வாடிக்கும் ஒரே விதியாக எழுதுங்கள். போரிலும் அலையிலும் உறுதி தொலைத்தவர்களுக்கு வாக்காளர் இடாப்பும் மின்கட்டணச் சிட்டையும் அயலவர் சாட்சியும் போதும் என்று அதிலேயே சொல்லிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவரை மறந்துவிடாதீர்கள். இடம் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், தோணியைக் கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்தில் காணி தேடுங்கள். இதையெல்லாம் முடிவு செய்யும் மேசையில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் பெண்களின் சங்கங்களுக்கும் கதிரை போடுங்கள்; பார்வையாளர் கதிரை அல்ல.

அப்படியொரு வரைபடம் ஏற்கெனவே இருக்குமானால், அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடத்தின் சுவரிலும் ஒட்டுங்கள். இல்லையென்றால் அளக்க வாருங்கள். தையில் ஒரு நாள், ஆடியில் ஒரு நாள்; நாடாவின் மறுநுனியைப் பிடிக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலைக் கரையோரக் குடியிருப்பாளர் ஒருவர்