தெருவிளக்கு, கேமரா பணிகள்: நிறைவு அறிக்கை

நம் குடியிருப்போர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம்.

போன மார்கழியில் இரண்டாவது தெருவில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் தாலிச் சங்கிலியை, பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். பாதி போட்ட கோலமும் கவிழ்ந்த கோலப்பொடி டப்பாவும் மதியம் வரை வாசலில் அப்படியே கிடந்தன. கூட்டித் தள்ள அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் முடிவான பணிதான் இப்போது முடிந்திருக்கிறது.

கூட்டத்தில் எல்லோரும் கேட்டது கேமரா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் விலைப்புள்ளி வாங்குவதற்கு முன், அமாவாசை இரவில் குழுவினர் ஐந்து பேர் டார்ச் இல்லாமல் நான்கு தெருக்களையும் நடந்து பார்த்தோம். அந்த அம்மா வீட்டு எதிரில் உள்ள கம்பத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. புங்க மரத்தின் கிளைகள் அதை முழுசாக மூடியிருந்தன. இலைகளெல்லாம் பளபளவென்று இருக்க, கீழே தரையில் நம் செருப்பே நமக்குத் தெரியவில்லை. இப்படி ஒன்பது இடங்கள்.

அதனால் முதல் வேலை வெளிச்சம் என்று முடிவு செய்தோம். செம்பாக்கம் நகராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக் கிளைகளை மட்டும் கழித்தோம். மரம் ஒன்றைக்கூட வெட்டவில்லை. கிளை கழித்தும் இருட்டாக இருந்த இடங்களில், வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு காம்பவுண்டுச் சுவரில் எல்இடி விளக்கு பொருத்தியிருக்கிறோம். மின் கட்டணம் அந்தந்த வீட்டு மீட்டரில்தான் ஏறும். அதை மனமுவந்து ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கு நன்றி.

விளக்குக்கு இவ்வளவு முக்கியம் தேவையா என்று சிலர் கேட்டீர்கள். நியூயார்க் நகரத்தின் பொதுக் குடியிருப்பு வளாகங்களில் 2016இல் கூடுதல் விளக்குகள் வைத்துச் சோதித்தபோது, இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. அந்த ஊர் வேறு, நம் தெரு வேறு, சரி. ஆனாலும் முகம் தெரியும் என்றால் எவனும் இரண்டு முறை யோசிப்பான் என்பது எல்லா ஊருக்கும் பொதுதான்.

அப்புறம் கேமரா. மொத்தம் பன்னிரண்டு. நான்கு தெருக்களின் நுழைவிலும், வண்டி எண் தெரிகிற உயரத்தில் ஒவ்வொன்று. மற்றவை வளைவுகளிலும் பூங்கா ஓரத்திலும். இதில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் 4 டிபி ஹார்டு டிஸ்க் போதும் என்று ஒப்பந்ததாரர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டோம். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். பன்னிரண்டுக்கும் சேர்த்து 259 ஜிபி. ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி. 4 டிபி பதினைந்து நாளில் நிரம்பி, பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் இருபது நாள் கழித்து வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்க்கும் குடும்பத்துக்கு அந்தப் பதிவால் என்ன பயன்? இந்தக் கணக்கை முன்பே போட்டிருக்க வேண்டும். 8 டிபிக்கு மாற்றினோம், இப்போது முப்பது நாள் நிற்கிறது.

மூன்றாவது தெரு வளைவில் இருந்த ஏழாவது கேமரா, ஒரு வீட்டின் வாசலையும் துணி காயப்போடும் இடத்தையும் நேராகப் பார்த்தது. அந்த வீட்டுச் சகோதரி வந்து சொன்ன அன்று மாலையே திருப்பிவிட்டோம். அவர் சொன்னது முழுக்க நியாயம். பதிவைப் பார்க்கும் கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கும். எந்தக் காட்சியும் வாட்ஸ்அப் குழுவில் போடப்பட மாட்டாது. காவல் நிலையம் எழுத்தில் கேட்டால் தருவோம். அப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் பென் டிரைவைக் கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தம்பிகளையும் படம் எடுத்துப் பதிவேடு வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. குழு அதை ஏற்கவில்லை. காலை ஆறு மணிக்கு நம் தெருவில் கண்ணும் காதுமாக நடமாடுகிறவர்களே அவர்கள்தான்.

குற்றம் குறைந்துவிட்டதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. குறைந்தது என்று இந்த அறிக்கையில் எழுத எங்களுக்கு உரிமை இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் குற்ற விகிதத்தை ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்கு என்று கணக்கிடுகிறது. நூற்று நாற்பது வீட்டில் ஒரு சம்பவம் கூடினாலும் குறைந்தாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதிலும் புகார் கொடுக்காத திருட்டு எந்தக் கணக்கிலும் வராது. இரண்டு வீட்டில் சைக்கிள் போனதும், ஒரு வீட்டில் மோட்டார் பம்பு போனதும் எங்களுக்கே இப்போதுதான் தெரியும். சின்னப் பொருள் என்று விடாதீர்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிவானால் எஃப்ஐஆர் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். பறிப்பு என்பது 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆம் பிரிவாகத் தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. அவசரத்துக்கு 112. வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், இரவு ரோந்தில் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

எண்ணிக்கையில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறோம். இரவு ஒன்பது மணிக்குப் பூங்கா ஓரத்தில் பெண்கள் மறுபடி நடக்கிறார்கள்.

கணக்கு: 118 வீடுகள் தலா ₹2,500 வீதம் கொடுத்தது ₹2,95,000. கேமரா, ரெக்கார்டர், யுபிஎஸ் ₹1,78,400. பைப், கேபிள், கூலி ₹46,500. விளக்குகள் ₹24,300. டிஸ்க் மாற்றியது ₹15,300. கிளை கழித்தது ₹6,000. மொத்தச் செலவு ₹2,70,500. மீதி ₹24,500 சங்க வங்கிக் கணக்கில் உள்ளது. ரசீதுகள் பொருளாளர் வீட்டில் உள்ளன, ஞாயிறு காலையில் யாரும் வந்து பார்க்கலாம்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. நான்காவது தெரு முனையில் இருக்கும் பெட்டிக்குப் பூட்டு போடவில்லை, மழைக்கு முன் முடித்துவிடுவோம். மாதம் ஒருமுறை கேமராக் கண்ணாடியைத் துடைக்கவும் பதிவு ஓடுகிறதா என்று பார்க்கவும் தெருவுக்கு ஒருவர் வேண்டும். முதல் தெருவுக்கும் மூன்றாவது தெருவுக்கும் பெயர் வந்துவிட்டது. இரண்டாவது தெருவுக்கு அந்த அம்மாவின் மகனே முன்வந்திருக்கிறார். நான்காவது தெருவிலிருந்து ஒருவர் பெயர் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
செயற்குழு