‘சத்தமில்லாத’ ஏர் மோட்டார் மூன்றரை மாதத்தில் பழுதானது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை - 600011.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 07.07.2025

பொருள்: மீன்தொட்டி ஏர் மோட்டாரின் ரப்பர் கிழிந்தது, மாற்று ரப்பர் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பிப்ரவரி 14 அன்று கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் தொட்டித் தண்ணீருக்குள் காற்றை அனுப்பும் உங்கள் நிறுவனத்தின் இரண்டு முனை ஏர் மோட்டாரை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். அதே அலமாரியில் 400 ரூபாய் மோட்டாரும் இருந்தது. உங்கள் பெட்டியில் ‘சத்தமில்லாதது’, ‘நீடித்து உழைப்பது’ என்று போட்டிருந்ததை நம்பித்தான் ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தேன். என் அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். மீன்தொட்டி இருக்கும் ஹாலில்தான் அவருக்குப் படுக்கை. பழைய மோட்டாரின் ரீங்காரத்தில் அவருக்குத் தூக்கம் கெட்டதால்தான் புதிது தேடினேன்.

முதல் மூன்று மாதம் மோட்டார் ஓடுவதே தெரியவில்லை. அதை மறைக்க மாட்டேன். மே மாத நடுவில் உறுமல் ஆரம்பித்தது. என் பக்கம் தவறு இருக்குமோ என்று எல்லாவற்றையும் பார்த்தேன். சுவரில் படாமல் தள்ளி வைத்தேன், அடியில் மடித்த துண்டு போட்டேன், டியூப் முனையில் காற்றைக் குமிழிகளாகப் பிரிக்கும் ஏர் ஸ்டோன் அடைத்திருந்தால் மோட்டாருக்கு அழுத்தம் கூடுமே என்று இரண்டையும் புதிதாக மாற்றினேன், அடிப்பக்கத்துப் பஞ்சையும் சுத்தம் செய்தேன். எதற்கும் குறையவில்லை. போனில் இருக்கும் ஒலி அளக்கும் செயலியை ஒரு அடி தூரத்தில் வைத்தால் 52 டெசிபல் காட்டியது. பரணில் இருந்த பழைய மோட்டாரை எடுத்து அதே இடத்தில் ஓட்டினேன், 44. போன் துல்லியமான கருவி இல்லைதான். ஆனால் இரண்டையும் அளந்தது ஒரே போன், அதே தூரத்தில்.

ஜூன் 1 இரவு காற்று வருவதே நின்றுவிட்டது. எங்களுடையது மூன்றடித் தொட்டி, சுமார் 110 லிட்டர் தண்ணீர், ஆறு கோல்டு பிஷ். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் தாங்கும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இதே காற்றில்தான் ஓடுகிறது, அதுவும் நின்றது. விடியற்காலையில் நான்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு செத்துக் கிடந்தன. ஒன்று என் மகள் நான்கு வருடமாக வளர்த்தது. பழைய மோட்டார் கைவசம் இருந்ததால்தான் மற்றவை பிழைத்தன.

ஜூன் 4 அன்று உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் என் கண் முன்னாலேயே திறந்து பார்த்தார். உள்ளே காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வான டயபிரம் இரண்டில் ஒன்று ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்திருந்தது. “தனியாக ரப்பர் வருவதில்லை, புது மோட்டார்தான் வாங்க வேண்டும்” என்றார். ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்டேன். ரப்பர் பாகங்களுக்குப் பொருந்தாது என்று அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். அந்த அட்டை சீல் வைத்த பெட்டிக்குள் இருந்தது. வாங்குவதற்கு முன் நான் அதை எப்படிப் படித்திருக்க முடியும்?

இந்த ரப்பர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. காந்தம் வைத்த கை அதோடு சேர்ந்து ஆடி, நொடிக்கு 50 தடவை டயபிரத்தை அமுக்கி இழுக்கிறது. ஒரு நாளைக்கு 43 லட்சம் தடவை. எந்த ரப்பரும் ஒரு நாள் தேயும், அதை நான் குறை சொல்லவில்லை. இந்த மோட்டாரில் வேலை செய்து தேய்கிற பாகம் அதுதான். அதற்கு உத்தரவாதமும் இல்லை, மாற்றும் இல்லை என்றால் ‘நீடித்து உழைப்பது’ என்று எதைச் சொன்னீர்கள்? என் பழைய மோட்டார் ஆறு வருடமாக ஓடுகிறது. அதற்கு இரண்டு முறை ரப்பர் மாற்றியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் 60 ரூபாய்.

அப்புறம், பெட்டியில் இருக்கும் படத்தில் மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டில் வைத்துக் காட்டியிருக்கிறீர்கள். கரண்ட் போனால் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி மோட்டாருக்குள் போய்விடும். அதைத் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைப் பெட்டியில் வைக்கவில்லை, வேண்டும் என்று எழுதவும் இல்லை. எனக்குத் தெரிந்ததால் நானே வாங்கிப் போட்டேன். புதிதாக மீன் வளர்ப்பவருக்கு இது ஆபத்து.

நான் கேட்பது இதுதான். இரண்டு டயபிரமும் உள் வால்வுகளும் அனுப்புங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன். முடியாதென்றால் 1,450 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இனி வரும் பெட்டிகளில் ‘சத்தமில்லாதது’ என்ற சொல்லோடு எத்தனை தூரத்தில் எத்தனை டெசிபல் என்று போடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பதைத் தண்ணீரின் ஆழத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். டியூப் வெளியே இருக்கும்போது வரும் காற்றும் ஒன்றரை அடி ஆழத்தில் வரும் காற்றும் ஒன்றல்ல. ரப்பருக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் பெட்டியின் வெளியிலேயே அச்சிடுங்கள்.

ஜூன் மாதம் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் தாருங்கள். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன்.

மோட்டாரையும் கிழிந்த ரப்பரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், உத்தரவாத அட்டையின் நகல், கிழிந்த டயபிரத்தின் படம்.