குமரிக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள வாணிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். டிசம்பர் கடைசியில் குழந்தைகளோடு கன்னியாகுமரி போவது ரொம்ப நல்ல முடிவு. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் திட்டம் முழுக்கக் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் சேர்க்கிற புதுக் கண்ணாடிப் பாலம், சூரியன் உதிப்பது, சூரியன் மறைவது. இதற்கெல்லாம் ஒரு நாள் தாராளம். "போகிறதுக்கு முன்னாடி ஏதாவது படிக்கச் சொல்லும்மா" என்று நீயே கேட்டுவிட்டாய். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த மாவட்டத்துக்குப் பயண வழிகாட்டிப் புத்தகம் எதுவும் வாங்காதே. நாவல்களைப் படி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதுவரை திருவிதாங்கூர் சீமை. கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்கள், பஸ்ஸில் கொஞ்ச நேரம் மேற்கே போனால் பனைவிளைகள் என்கிற பனந்தோப்புகள், மலைப்பக்கம் ரப்பர், தெற்கே திரும்பினால் கடல். ஒவ்வொரு இடத்திலும் சாமி வேறு, பேச்சு வேறு, சாப்பாடு வேறு. ஒவ்வொன்றையும் எழுத அந்த மண்ணைத் தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார். இவ்வளவு சின்ன வட்டாரத்துக்கு இவ்வளவு நல்ல நாவல்கள் தமிழில் வேறெங்கும் அமையவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் 'புத்தம் வீடு' படி. ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதி 1964-இல் வந்தது. மெல்லிய புத்தகம், இரண்டு ராத்திரியில் முடித்துவிடுவாய். பனைவிளை என்கிற ஊரில், பேர் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு பழைய கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் லிஸி. பெரியவளானதும் அவளை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பனையேறியின் மகன் தங்கராஜ் மேல் அவளுக்குப் பிரியம். இரண்டு குடும்பமும் ஒரே சாதிதான், ஒரே சபைதான். ஆனாலும் பனை வைத்திருக்கிற வீட்டுக்கும் பனை ஏறுகிற வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை ஹெப்சிபா அம்மாள் சத்தமே போடாமல் காட்டிவிடுகிறார். லிஸி அடுப்பங்கரையில் நின்றுகொண்டு வெளியே நடப்பதைக் காதால் மட்டும் தெரிந்துகொள்ளும் இடங்களைக் கவனி. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே சாலையோரம் கருப்பட்டி விற்பதைப் பார்த்தால் இறங்கி வாங்கு. லிஸியைத் தெரிந்த பிறகு அது வெறும் கருப்பட்டியாக இருக்காது.

இதோடு சேர்த்து ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பின்னே போனால், இதே பனைவிளைப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடவே போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் முடித்திருப்பார்கள். உயர்சாதிக்காரர்கள் சந்தையில் துணியைக் கிழித்தார்கள், சர்ச்சுகளை எரித்தார்கள். 1859-இல்தான், துணி போடலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா அறிவிப்பு வெளியிட்டார். அதிலும்கூட உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்தப் போராட்டக் காலத்தில்தான் சாமித்தோப்பில், சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார். கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. சாமித்தோப்புக்கு அவசியம் போ. அங்கே மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். ஏன் என்று பேரனிடம் அவரே சொல்லட்டும்.

அடுத்தது தேங்காய்ப்பட்டணம். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 1988. அவர் அதே ஊர்க்காரர். பள்ளியில் படித்தது மலையாளம், எழுதியது தமிழ். வடக்குவீட்டு அகமதுகண்ணு முதலாளி சொன்னதுதான் ஊரில் சட்டம். பள்ளிவாசலில் அவர் வந்த பிறகுதான் எதுவும். அந்த ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. அது வந்தால் தன் பிடி தளர்ந்துவிடும் என்று முதலாளிக்குத் தெரியும். அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவன் சுறாப்பீலி, அதாவது சுறாமீன் துடுப்பு விற்கிற மஹ்மூது. எனக்கு இந்த நாவலில் பிடித்தது, மீரான் தன் ஊரை அடித்து நொறுக்கவும் இல்லை, அலங்காரம் பண்ணிக் காட்டவும் இல்லை. முதலாளியின் அகங்காரத்தை எழுதுகிற அதே கை, அந்த வீடு சரியும்போது உள்ளே இருக்கிற பெண்களுக்காகக் கலங்குகிறது. சாகித்ய அகாதமி விருது அவருக்கு 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்காகக் கிடைத்தது. ஆனால் தேங்காய்ப்பட்டணம் போகிறவர்கள் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும். கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உடனே திரும்பிவிடாதே. ஊருக்குள் நட.

நாகர்கோவிலுக்கு சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966. கல்லூரியில் உனக்குப் பாடமாக இருந்தது என்று நினைவு. இப்போது மறுபடி படி. அன்றைக்குத் தேர்வுக்காகப் படித்திருப்பாய். தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதிகளையும், காற்றாடி மரத்தோப்பை வெட்டிப் பூங்கா ஆக்குவதையும் மட்டும் படித்தால்கூடப் போதும். பெங்களூரில் உன் வீட்டெதிரே மரங்களை வெட்டியபோது எனக்குப் போன் செய்து அழுதாயே, அந்தக் கோபம் முழுக்க இதில் இருக்கிறது.

கவிமணியை விட்டுவிட எனக்கு மனம் வராது. தேசிகவிநாயகம் பிள்ளை என்றால் குழந்தைப் பாட்டு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'மருமக்கள்வழி மான்மியம்' படித்துப் பார். அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைக்குத்தான் போகும். புருஷன் கண்ணை மூடினால் மனைவியும் பிள்ளைகளும் தெருவில். அப்படி ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்லி அழுவதுதான் அந்தப் பாட்டு. படிக்கும்போது சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். 1926-இல் சட்டம் வந்து அந்த முறை ஒழிந்தது. கவிமணி பிறந்த தேரூர், சுசீந்திரத்துக்குப் பக்கம். அங்கே குளத்தில் டிசம்பரில் வெளியூர்ப் பறவைகள் வந்திருக்கும். காலையில் சீக்கிரம் போனால் பேத்திக்கு அது ஒன்றே போதும்.

இரணியலுக்கு நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' இருக்கிறது, 1968. முதல் இருபது பக்கம் பேச்சு வழக்கு புரியாமல் தடுக்கும். புத்தகத்தை மூடிவிடாதே. வாய்விட்டுப் படி. உண்ணாமலை ஆச்சியின் குரல் காதில் விழ ஆரம்பித்ததும் சரியாகிவிடும். நான் வடசேரியில் குடியிருந்தபோது சந்தையில் மட்டிப்பழக் குலைக்கு விலை பேசுகிற ஆச்சிகள் இதே நீட்டலில்தான் பேசுவார்கள். இந்த நாவலைப் படித்த பிறகு அவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் சந்தைக்குப் போயிருக்கிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனை மாப்பிள்ளையின் பொறுப்பு. அவருக்கு மலையாளம் படிக்க வருமே, சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா'வை எடுக்கச் சொல். 1891-இல் வந்த நாவல். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற செல்வாக்கான பிரபுக்களோடு இளவரசன் மார்த்தாண்ட வர்மா போராடிய கதை. அரண்மனை தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பூட்டியிருக்கும். உன் திட்டத்தில் திங்கட்கிழமைக்குத்தான் அதைப் போட்டிருக்கிறாய், மாற்றிவிடு. உள்ளே கம்பர் வணங்கியதாகச் சொல்லும் சரஸ்வதி இருக்கிறாள். நவராத்திரிக்கு வருஷா வருஷம் அவளும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போய்த் திரும்புகிறார்கள். மாநில எல்லை போட்ட பிறகும் அது நிற்கவில்லை. பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டையில் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர். பிறகு ஜெயித்த ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தலைவர் ஆனவர்.

பேரனுக்குப் பெரிய நாவல் வேண்டாம். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் 'ஓலைச்சிலுவை' என்ற கதையை நீ வாசித்துக் காட்டு. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், இங்கே நெய்யூர் ஆஸ்பத்திரியில் வந்து வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்தார். மலையேறுகிறவர் என்றால் அவனுக்குக் காது நிமிர்ந்துவிடும்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' பற்றிக் கேட்பாய். பெரிய நாவல், பெரிய படைப்பு. கட்டுமரக்காரர்களின் வாழ்க்கையை அதைப் போல யாரும் எழுதவில்லை. ஆனால் அதன் கடல் குமரி மாவட்டத்தைத் தாண்டி திருநெல்வேலிப் பக்கம். கையில் எடுத்தால் விடுமுறை முழுக்க அதிலேயே போய்விடும். ஊர் திரும்பிய பிறகு படி.

எல்லாவற்றையும் படிக்க நேரம் இருக்காது, தெரியும். 'புத்தம் வீடு', மீரான், 'மான்மியம்' மூன்றையும் நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். என் பிரதிகள்தான், மீரானில் அட்டை கழன்றிருக்கிறது, பார்த்துப் பிரி. பாக்கி எது வேண்டுமானாலும் காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது, போகும்போது விசாரித்து வாங்கிக்கொள். அரண்மனையை எந்த நாளுக்கு மாற்றினாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா