எங்கள் தகரப் பெட்டிக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பான ஊரவர்களுக்கும், கடல் கடந்து வாழும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

இந்தத் தை மாதம் எங்கள் மகளிர் சேமிப்புக் குழுவின் பங்குலாபம் பிரித்து முடித்து, எல்லோரும் பாயைச் சுருட்டும் நேரத்தில், "எங்களுக்குத் துணை நின்ற சனங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னோமா?" என்று தலைவி அக்கா கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் இந்த மடல்.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், வரணிக்குப் பக்கத்தில் 14 பெண்கள் சேர்ந்து 2013இல் சேமிப்பைத் தொடங்கினோம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியை விட்டு ஓடி, திரும்பி வந்து, கூரையில்லாத வீடுகளைக் கூட்டித் துடைத்தவர்கள் நாங்கள். சிலருக்குத் துணைவர் இல்லை. கிழமைக்கு 50 ரூபாய் என்றுதான் முடிவு செய்தோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைத்த அம்மாமாரின் பிள்ளைகளுக்கு அது புதுப் பழக்கமில்லை. ஐந்தாம் கிழமை 3,500 ரூபாய் சேர்ந்தது. அதை அப்படியே ஒரு தங்கச்சியிடம் கொடுத்தோம். அடகில் இருந்த தையல் இயந்திரம் வீட்டுக்கு வந்தது.

முதல் நன்றி சனசமூக நிலையத் தம்பிமாருக்கு. ஞாயிறு மாலையில் பத்திரிகை வாசிக்கும் மேசையை எங்களுக்கு விட்டுவிட்டு வெளித்திண்ணையில் போய் இருந்தீர்கள். மழை நாளிலும் அப்படித்தான்.

அடுத்தது, ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர் ஐயாவுக்கு. ஐயா, நீங்கள் எங்களுக்கு ஒரு சதமும் தரவில்லை. அதற்காகவே முதலில் நன்றி சொல்கிறேன். காசு தந்திருந்தால் அது முடிந்திருக்கும். நீங்கள் தந்தது கணக்கு. பெட்டிக்கு இரண்டு பூட்டு, திறப்புகள் இரண்டு பேரிடம், பெட்டி மூன்றாவது ஒருவர் வீட்டில் என்று ஒழுங்கு செய்தவர் நீங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டி, அந்த வட்டியும் எங்களுக்கே திரும்பும் என்று விளக்கியவரும் நீங்கள்தான்.

2016இல் ஒரு நாள் கொப்பியில் 41,300 ரூபாய் இருந்தது, பெட்டியில் 39,450. பொருளாளர் நான். கை நடுங்கியது. ஐயா கொப்பியைப் பார்த்தார், மூடினார், என் பக்கம் தள்ளினார். "கணக்கு முடியாமல் எழும்பக் கூடாது, பிள்ளை" என்று மட்டும் சொன்னார். விளக்கு வைக்கும் நேரமும் கடந்தது. வீட்டில் பசியோடு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட எழுந்து போகவில்லை. ஒருவரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவுமில்லை. கடைசியில் கண்டேன்: 1,850 ரூபாய்த் தவணை ஒன்றை அன்றைக்கே எழுதியிருந்தேன், பற்றுச்சீட்டு கைக்கு வந்தபோது மறுபடியும் எழுதியிருந்தேன். அந்தப் பிழையை ஐயா முதல் பார்வையிலேயே கண்டிருக்கிறார் என்று பின்னர்தான் தெரிந்தது. அன்று என்னோடு காத்திருந்த 22 பேருக்கும் என் நன்றி. அந்த மாலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

படலையடிக்கு வந்து கிழமைக் கடன் வசூலித்தவர்களால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டை ஊர் அறியும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வளவுக்குள் போய் நின்ற அக்காமார் உண்டு. வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவித்தபோது சிலர் மூச்சு விட்டார்கள். அதற்குள் அடங்காத ஆறு பேரின் கடனை எங்கள் பெட்டியிலிருந்து கொடுத்து அடைத்தோம். அந்த ஆறு பேரும் கடைசித் தவணைவரை கட்டி முடித்தார்கள். அவர்களுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் கட்டியிராவிட்டால் குழு அன்றே கலைந்திருக்கும்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. கூட்டம் வைக்க வழியில்லை. மறுபடி கூடிய நாளில் ஒவ்வொருவரும் ஒரு பால்மாத் தகரத்தைக் கொண்டு வந்து மேசையில் கவிழ்த்தார்கள். கூலி வேலை இல்லாத வீடுகளிலிருந்தும் கிழமைக் காசு தப்பாமல் வந்திருந்தது. எண்ணும்போது எனக்கு இரண்டு முறை பிழைத்தது. கண் கலங்கியதுதான் காரணம்.

கொடிகாமம் பஸ்ஸில் எங்கள் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மூட்டைகளை முகம் சுளிக்காமல் ஏற்றிய நடத்துனர் தம்பிக்கும், பிரதேச செயலகப் படிவங்களை நிரப்பித் தந்த பெறாமகளுக்கும் மனம் நிறைந்த நன்றி.

கடைசியாக, சந்தியடிக் கடை அண்ணாவுக்கு. புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) நிறுக்க "ஒரு கிழமைக்குத் தாருங்கள்" என்று உங்கள் தராசை வாங்கினோம். ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒருநாளும் நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. இந்த முறை லாபத்தில் நாங்களே ஒரு தராசு வாங்கியிருக்கிறோம். உங்களுடையதைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு கூட்டம் முடிந்ததும் 31 பேருமாகக் கொண்டு வருவோம். கடையைக் கொஞ்சம் பிந்திப் பூட்டுங்கள்.

இப்படிக்கு,
பொருளாளர்,
மகளிர் சேமிப்புக் குழு