தம்பிக்கு: அம்மாவின் சட்னியில் தேங்காய் குறைந்தது பற்றி

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை அயனாவரம் வீட்டில் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "என்னம்மா இது, சட்னியில பொட்டுக்கடலைதான் இருக்கு, தேங்காயைத் தேட வேண்டியிருக்கு. வரவர ரொம்பக் கஞ்சமாயிட்ட" என்றாய். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து இன்னொரு மூடியை எடுத்துத் துருவ ஆரம்பித்தாள். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூடி செவ்வாய்க்கிழமைக் குழம்புக்காக எடுத்து வைத்தது.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அம்மாவும் படிப்பாள். படித்தால் உடனே உன்னைச் சமாதானப்படுத்தக் கிளம்பிவிடுவாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பேச்சு நம் வீட்டில் மட்டும் நடக்கிற பேச்சு இல்லை என்பதும் ஒரு காரணம்.

நீ கிளம்பிய பிறகு அம்மாவின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் அப்பா காலத்திலிருந்து இருக்குமே, அதுதான். 2019 ஜனவரியில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், கொழுப்பு அதிகமுள்ளது, அரை லிட்டர் 22.50 என்று எழுதியிருக்கிறாள். அந்த ஆகஸ்டில் லிட்டருக்கு 6 ரூபாய் ஏற்றினார்கள். 2021 மே மாதம் 3 ரூபாய் குறைத்தார்கள். 2022 நவம்பரில் ஒரேயடியாக லிட்டருக்கு 12 ரூபாய் ஏறி, அரை லிட்டர் 30 ரூபாய் ஆனது. மாதாந்திர கார்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. அம்மா அண்ணாச்சி கடையில் வாங்குகிறவள். அந்த வாரமே நோட்டில் 'ஆரஞ்சு' போய், கொழுப்பும் விலையும் குறைந்த 'பச்சை' வந்திருக்கிறது. காபி முன்ன மாதிரி இல்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அது இதுதான். இப்போது காபித்தூள் விலையும் ஏறிய பிறகு இரண்டாம் டிக்காஷனில்தான் அவள் குடிக்கிறாள். முதல் டிக்காஷன் நாம் வரும் நாட்களுக்கு.

சமையலறையில் இன்னொன்றும் பார்த்தேன். எண்ணெய் பாக்கெட்டை வெட்டித் தூக்கில் ஊற்றிய பிறகு, அதே பாக்கெட்டைத் துணி கிளிப் போட்டுத் தூக்குக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. காலையில் பாக்கெட்டை நீளவாக்கில் கிழித்து, உள்பக்கத்தைத் தோசைக்கல்லில் தேய்த்து முதல் தோசையை வார்க்கிறாள். பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவளின் கை அது. அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ எப்போதும் சொல்வது, "விலை ஏறத்தான் செய்யும், நாம என்ன பண்ண முடியும்? வாங்கித்தான் ஆகணும், விடு." இதே வார்த்தையை நம் தெருவில் இன்னொருவரும் சொல்கிறார். எதிர்வீட்டு அக்கா, அவர் கணவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவர். அவரும் அம்மாவும் ஒரே வயது, இரண்டு பேரும் கணவரை இழந்தவர்கள், ஒரே கடையில் மளிகை வாங்குகிறவர்கள். அவர் "எல்லாம்தான் ஏறுது" என்று சொல்லிவிட்டு வேண்டியதை வாங்கிக்கொண்டு போகிறார். அம்மா விலையைக் கேட்டு, யோசித்து, பாதியைத் திருப்பி வைக்கிறாள். குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, தம்பி. அந்த அக்காவுக்கு வருவது ரயில்வே குடும்பப் பென்ஷன். விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஜனவரியிலும் ஜூலையிலும் டிஏ, அதாவது அகவிலைப்படி, ஏறுகிறது. கொரோனா சமயத்தில் ஒன்றரை வருஷம் நிறுத்தி வைத்தார்கள், அப்புறம் மறுபடியும் ஏறத் தொடங்கியது. அப்பா வேலை பார்த்ததோ அம்பத்தூரில் ஒரு தனியார் ஃபேக்டரி. அம்மாவுக்கு வருவது பிஎஃப் பென்ஷன். அதற்கு டிஏ கிடையாது. குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், அதுவே பல வருஷமாக அங்கேயே நிற்கிறது. அம்மாவுக்கு 1,900 சொச்சம் வருகிறது. அப்பா போனபோது நிர்ணயித்த தொகை, இன்றைக்கும் அதேதான்.

உனக்கு ஏப்ரலில் இன்கிரிமெண்ட். அந்த அக்காவுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை டிஏ. வரவும் விலையோடு சேர்ந்து ஏறுகிற வீட்டில் "விடு" என்று சொல்ல முடிகிறது.

போன நவம்பரில் நீ ஒரு செய்தியை எனக்கு அனுப்பினாய். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம், விலை ஏறவே இல்லை, அம்மாதான் பழைய கதையைப் பேசுகிறாள் என்றாய். அந்த எண் சரிதான். ஆனால் அது முந்தைய அக்டோபரோடு ஒப்பிட்ட கணக்கு. 2024 அக்டோபரில் காய்கறி மட்டும் முந்தைய வருஷத்தைவிட 42 சதவீதம் ஏறிக் கிடந்தது. அவ்வளவு உயரத்தில் போய் நின்றதோடு ஒப்பிட்டால் எண் சின்னதாகத்தான் வரும். காய்கறி இறங்கியது உண்மை. பாலும் அரிசியும் 2019 விலைக்கு வந்துவிட்டதா என்ன?

தக்காளி விஷயத்தில் நீ சொன்னது நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது, "கொஞ்ச நாள் வாங்காம இரு, தானா இறங்கும்" என்றாய். ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்த தக்காளிக்காக அம்மா வரிசையில் நின்றதைப் பார்த்துக் கோபப்பட்டாய். இரண்டு மாதத்தில் விலை இறங்கியும் விட்டது. தக்காளி அப்படித்தான். மதனப்பள்ளியிலும் கோலாரிலும் மழை கெடுத்தால் கோயம்பேட்டில் ஏறும். அடுத்த நடவு காய்க்கு வந்தால் இறங்கும். தேங்காய் அப்படி இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் வேர்வாடலும் வெள்ளை ஈயும் மரத்தையே பிடித்துக்கொண்டன. ஒரு மரம் போனால் இன்னொரு கன்று வைத்துக் காய் பறிக்க வருஷங்கள் ஆகும். ஒரு மாதம் வாங்காமல் காத்திருந்து ஜெயிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் பொட்டுக்கடலை.

நீ சொல்வதில் நியாயம் இருக்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்று முழங்கால் வலியோடு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை அம்மா நிறுத்தத்தான் வேண்டும். தள்ளுவண்டிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. அவருக்கும் அதே விலைவாசிதான். கொசுறாகக் கறிவேப்பிலை வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம், நாவலூரிலிருந்து தினமும் அந்த டிராஃபிக்கில் போய் வருகிற நீ பத்து நிமிட டெலிவரியில் வாங்குவதை நான் ஒரு நாளும் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் ரேஷன் பருப்பை ஏன் வாங்குகிறாய் என்று மட்டும் இனிமேல் அவளைக் கேட்காதே. கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும்தான் அந்த நோட்டில் மாறாமல் இருக்கிற விலைகள். கைரேகை விழாமல் நாலு தடவை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து வாங்கி வருகிறாள்.

மாறாதது இன்னொன்றும் இருக்கிறது. 2019 ஜனவரி 5ஆம் தேதி, வரவுப் பக்கம்: "தம்பி 4000, பாப்பா 4000." அடுத்த மாதமும் அதே. கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன், அதே இரண்டு எண்கள். அப்பா காரியம் முடிந்த அன்றைக்கு நாம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசி வைத்த தொகை. நீயும் ஏற்றவில்லை, நானும் ஏற்றவில்லை. அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பாலை மாற்றினாள், டிக்காஷனை மாற்றினாள், தேங்காயைக் குறைத்தாள். மாத்திரைக்கு மட்டும் இப்போது மாதம் 1,800 ஆகிறது. அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் இந்த மாதத்திலிருந்து 6,000 போடப்போகிறேன். நீயும் போடு. ஒரு தடவை ஏற்றிவிட்டு மறுபடி ஏழு வருஷம் மறந்துவிட வேண்டாம். எதிர்வீட்டு அக்காவுக்கு வருகிற மாதிரி அம்மாவுக்கும் ஜனவரி, ஜூலை என்று நாமே டிஏ வைப்போம். உனக்குக் கையில் கஷ்டம் இருந்தால் என்னிடம் சொல், இஎம்ஐ எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியாததா, நாம் பேசிக்கொள்ளலாம். அம்மா வேண்டாம் என்பாள். "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு இவ்ளோ" என்பாள். அவளிடம் வாதம் பண்ணாதே, பேசாமல் அக்கவுண்டில் போட்டுவிடு.

இந்த ஞாயிறும் வருகிறாய் அல்லவா? வரும் வழியில் முற்றின தேங்காயாக நாலு வாங்கி வா. காதுகிட்ட வைத்து ஆட்டிப் பார்த்து வாங்கு, தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும்.

உன் அக்கா