பேய் வருவதற்குள் கேன்டீன் கதவைச் சாத்துங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஆபரேட்டர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

"நம்ம ஊர் ஜனம் பேய்ப் படத்துக்குச் சிரிக்குதுங்க, அதுங்களுக்குப் பயமே கிடையாது" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து, துச்சாதனன் கட்டை கட்டி ஆடி வரும்போது பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொள்கிற ஜனம்தான் இது. பயப்பட அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சிரிப்பு வருவது உங்கள் ஹாலால். அதைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம்.

பேய் வீட்டுப் படங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடிபோகிறது, வீடு அவர்களை விடமாட்டேன் என்கிறது. சண்டைப் படத்தைப் போல இதைச் சத்தத்தை ஏற்றிச் சமாளிக்க முடியாது. முக்கால்வாசி வேலை திரைக்கு வெளியே, பார்க்கிறவர் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. இந்த வகைப் படத்தில் வழக்கமாக வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா அடுப்படியில் நிற்கிறாள். பின்கட்டிலிருந்து "அம்மா" என்று பிள்ளை கூப்பிடுகிறது. திரும்புகிறாள். பிள்ளை அவள் காலடியிலேயே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலை இடது சரவுண்டில் (பார்க்கிறவரின் இடப்பக்கச் சுவர் ஸ்பீக்கர்களில்) மட்டும் வைத்து மிக்ஸ் செய்திருப்பார்கள். உங்கள் ஹாலில் அந்தச் சானல் செத்துக் கிடந்தால் குரலே கேட்காது. அம்மா காரணமில்லாமல் திரும்பி முழிப்பாள். பின்வரிசையில் ஒருவர் "பால் பொங்கிடுச்சா?" என்பார். அப்புறம் இடைவேளை வரை எந்தப் பேயாலும் அந்தக் கூட்டத்தைப் பிடிக்க முடியாது.

அதனால் முதலில் சரவுண்டைப் பாருங்கள். 5.1 ஹாலில் (திரைக்குப் பின்னால் மூன்று சானல், சரவுண்ட் இரண்டு, அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) இடச்சுவர் ஸ்பீக்கர்களும் பின்சுவரின் இடது பாதியும் சேர்ந்து ஒரே சானல், 7.1 என்றால் பின்சுவர் தனி. பிராசஸரில் (ஒலியைச் சானல்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, ஒவ்வொரு சானலாக, சுவரோரம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்குக் கீழும் நின்று கேட்க வேண்டும். 'உஷ்' என்ற சத்தம் இல்லாமல் உறுமல் மட்டும் கேட்டால் ட்வீட்டர் (மேல்சுருதி ஸ்பீக்கர்) போயிருக்கிறது. மொத்தமாக ஊமை என்றால் ஸ்பீக்கரைக் கழற்றும் முன் ஒயரைப் பாருங்கள். டெர்மினலில் கழன்றிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர் இரண்டும் தனித்தனியாக நன்றாகப் பாடி, சேர்ந்து பாடும்போது அடிச்சத்தம் காணாமல் போனால், ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. சர்வீஸுக்குப் பிறகு இடதும் வலதும் மாறிக் கிடப்பதும் உண்டு. பாட்டுப் படத்தில் அது யாருக்கும் தெரியாது. பேய்ப் படத்தில் கதவு ஒரு பக்கம் கிறீச்சிட, நடிகர் மறுபக்கம் திரும்பிப் பார்ப்பார்.

அளவு இதுதான். ஹாலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் ஒலி மீட்டரை வைத்து, சி வெயிட்டிங் (அடிச்சத்தத்தையும் சேர்த்து அளக்கும் அமைப்பு), ஸ்லோவில் (மெதுவாக மாறும் அளவு) பாருங்கள். ஃபேடர் (மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ்) 7-ல் இருக்கும்போது திரைக்குப் பின்னால் உள்ள மூன்று சானலும் தலா 85 டெசிபல், சரவுண்ட் தலா 82 காட்ட வேண்டும். போன் ஆப் வைத்து இடதையும் வலதையும் ஒப்பிடலாம், தப்பில்லை. ஆனால் ஆப் காட்டும் எண்ணை நம்பி ஹாலை செட் செய்யாதீர்கள்.

ஃபேடரில்தான் பெரும்பாலான ஹால்கள் வழுக்குகின்றன. விளம்பரம் காதைக் கிழிக்கிறது என்று யாரோ புகார் சொல்ல, ஆபரேட்டர் 7-லிருந்து 4.5-க்கு இறக்குகிறார். படம் ஆரம்பிக்கிறது, ஏற்ற மறந்துவிடுகிறார். நம் ஹால்களில் இருக்கும் பிராசஸர்களில் 4-க்கு மேல் ஓர் எண் இறக்கினால் ஏறக்குறைய 3.3 டெசிபல் குறையும். 4-க்குக் கீழே போனால் எண்ணுக்கு 20 டெசிபல். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம்தான். முணுமுணுப்பும் மூச்சும் காலடியும் அப்போதே போய்விடும், மிஞ்சுவது அலறல் மட்டும். முன்னால் அமைதி இல்லாத அலறலுக்கு யாரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்ததில்லை. விளம்பரத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று ஃபேடர் அளவை, படம் ஓட்டும் சர்வரின் பிளேலிஸ்டிலேயே க்யூவாக (தானாக நடக்கும் கட்டளையாக) போட்டுவிட்டால் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை. ஹால் சின்னது, 7 அதிகம் என்றால் 6 வையுங்கள், 5.5 வையுங்கள். அதற்குக் கீழே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு சானலும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும்படியும், சப்வூஃபர் 115 வரை போகும்படியும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்கு அந்தத் தெம்பு இல்லாமல் "தியேட்டர் அதிரணும்" என்று ஏற்றினால் ஆம்ப் கிளிப் ஆகும் (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்). ஹார்ன் டயஃப்ரம் (மேல்சுருதி எழுப்பும் மெல்லிய தகடு) எரியும். பெரும்பாலும் சென்டர் சானல்தான் முதலில் போகும். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. கிளிப் விளக்கு சிவப்பாக மின்னுகிறதா என்று முதல் காட்சியில் ஒருவர் ஆம்ப் ரேக் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

அடுத்தது அமைதி. ஏசி ஓடும்போது, ஆள் இல்லாத ஹாலில், ஏ வெயிட்டிங்கில் (காது கேட்கும் விதத்தில் அளக்கும் அமைப்பு) 40 டெசிபலைத் தாண்டக் கூடாது. 35 என்றால் நல்லது. தாண்டுகிறது என்றால் புளோயர் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது டக்ட்டையும் புளோயரையும் இணைக்கும் கேன்வாஸ் கிழிந்திருக்கும். இரண்டும் சில்லறைச் செலவு. சுவரில் ஃபேன் ஓடும் பழைய ஹால்களில், கடகடக்கும் ஃபேன்களை மட்டுமாவது கண்டுபிடித்து புஷ் மாற்றுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய அரங்குகளுக்கு லாரி ஏர் ஹாரன் தனித் தலைவலி. அது சுவர் வழியாக வருவதைவிடக் கதவுக் கீழ் இடுக்கு வழியாக வருவதே அதிகம். கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்தாலே பாதி அடங்கும். ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும் ஹால்களில் உள்சீலிங்கும் அதன் மேல் கம்பளிப் பஞ்சும் இல்லாமல் வழியில்லை. அது செலவு பிடிக்கிற வேலைதான்.

இனி இருட்டு. திரையின் நடுவில் முழு வெள்ளையின் பிரகாசம் 14 ஃபுட்-லேம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும். தாழ்வாரத்து மூலையில் நிற்கும் உருவத்துக்கு அரை கேண்டெலாகூட இருக்காது. முறுக்கு வாங்கப் போகிறவர் கேன்டீன் கதவைத் திறந்தால் திரையில் விழும் வெளிச்சம் அதைவிட அதிகம். உருவம் அங்கேயே கரைந்துவிடும். கதவுக்கு உட்புறம் கனமான கறுப்புத் திரைச்சீலையை இரண்டடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று இரண்டு அடி ஏறும்படி தொங்கவிடுங்கள். எக்சிட் விளக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். சட்டமும் விடாது, உயிரும் சும்மா இல்லை. அது திரையில் பிரதிபலித்தால் மேலே சின்ன மறைப்புத் தகடு வைத்து, ஒளி கீழே மட்டும் விழும்படி செய்யலாம்.

புரொஜெக்டர் லேம்ப் சீக்கிரம் போகக் கூடாது என்று கரண்ட்டைக் குறைத்து ஓட்டுவது ஊரறிந்த ரகசியம். அந்த மங்கல் வெயிலில் எடுத்த படத்தில் மறைந்துவிடும், இதில் மறையாது. அதைவிட மோசம், 3டி ஃபில்டரை லென்ஸ் முன்னால் விட்டுவிட்டு 2டி படம் ஓட்டுவது. பாதிக்கு மேல் வெளிச்சம் அதிலேயே போய்விடும். புரொஜெக்டர் ரூம் கண்ணாடியையும் துடையுங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி போட்டிருந்தால் இரண்டு பக்கமுமாக 8 சதவீதம் ஒளி திரும்பிவிடும், கூடவே மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு சுடர் தெரியும். இயக்குநர் வைக்காத பேய் அது. ஸ்கோப் (அகலத் திரை) படம் ஓடும்போது மேலும் கீழும் மாஸ்க்கிங் துணி (திரையில் படம் விழாத இடத்தை மறைக்கும் கறுப்புத் துணி) இல்லையென்றால், புரொஜெக்டரின் 'கறுப்பு' உண்மையில் சாம்பல் நிறம் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரியும்.

வெளிநாட்டு டப்பிங் படங்களில் இடைவேளை இருக்காது. கடிகாரத்தைப் பார்த்து நடுவில் வெட்டாதீர்கள். குடும்பம் கதவைத் திறக்கப் போகும் நொடியில் விளக்கைப் போட்டு சமோசா விற்றால், பதினைந்து நிமிடம் கழித்து அந்தக் கதவை யார் மதிப்பார்கள்? முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, பகல் காட்சி ஆரம்பிக்கும் இடமாகத் தேடி க்யூ போடுங்கள். திரும்பத் தொடங்கும்போது பத்து வினாடி பின்னால் போய், ஹால் விளக்கு முழுக்க இறங்கிய பிறகு ஓட்டுங்கள். கரண்ட் போனாலும் இதே முறைதான், ஆனால் புரொஜெக்டரின் செனான் லேம்ப் சூடாக இருக்கும்போது உடனே மறுபடி ஏற்றாதீர்கள். ஃபேன் ஓடி ஆறட்டும். சர்வருக்கும் பிராசஸருக்கும் யுபிஎஸ் இருந்தால் ஜெனரேட்டர் வருவதற்குள் அவையாவது விழித்திருக்கும்.

குடும்பப் படம் என்று நினைத்துக் கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சான்றிதழில் இப்போது யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். அதை கவுண்ட்டர் கண்ணாடியில் பெரிதாக ஒட்டுங்கள். 'ஏ' என்றால் அப்பா கூடவே வந்தாலும் 18 வயதுக்குக் கீழே அனுமதியில்லை. விளக்கு படபடவென்று மின்னும் காட்சி இருந்தால், வலிப்பு உள்ளவர்களுக்காக ஒரு வரி சேருங்கள்.

விளம்பரத்துக்காகப் பையன் ஒருவனுக்கு வெள்ளை வேஷம் போட்டு இருட்டில் நடைபாதையில் ஓடவிடும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படிக்கட்டு ஹாலில் ஒருவர் விழுந்தால் பின்னால் பத்துப் பேர் விழுவார்கள். 1997 ஜூனில் டெல்லி உப்ஹார் அரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீயைவிட, வெளியே போக வழியில்லாமல் புகையில் சிக்கியதுதான் அவர்களைக் கொன்றது. ஓசியில் நுழைகிறார்கள் என்று எக்சிட் கதவுக்குப் பூட்டுப் போடுவது எந்தப் படத்துக்கும் கூடாது.

வியாழன் இரவு கடைசிக் காட்சி முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏசியைப் போட்டு, எக்சிட் தவிர எல்லா விளக்கையும் அணைத்து, பேய்ப் படத்தின் மிக இருண்ட ரீலை ஓட்டி, மேலாளரே கடைசி வரிசை இடது மூலை நாற்காலியில் உட்காரட்டும். அங்கிருந்து அந்த "அம்மா" கேட்கவில்லை என்றால், வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு முன் ஏணியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரு மாவட்டங்களிலும் திரையரங்கு ஒலி, ஒளி வேலை பார்ப்பவர்கள்