செயலாளர் ஆண்டறிக்கை: மிட்மார் படகிறங்குதளம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்தோரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். புதிய உறுப்பினர் சேர்க்கை சுமார்தான். தென்னாப்பிரிக்காவின் மிட்மார் அணையில் உள்ள பொதுப் படகிறங்குதளத்தின் வரலாற்றை எழுதிவைக்கும்படி சென்ற பொதுக்குழு பணித்ததால், அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

ஹோவிக் அருவிக்கு மேலே, உம்கேனி ஆற்றை மறித்து 1965-இல் இந்த அணை கட்டி முடிக்கப்பட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் டர்பனுக்கும் குடிநீர் கொடுப்பதே அதன் வேலை. படகும் தூண்டிலும் பிறகு வந்தவை. அப்போது 1953-ஆம் ஆண்டின் தனி வசதிச் சட்டம் நடப்பில் இருந்தது. கடற்கரை, பூங்கா, பெஞ்சு என எதையும் இனவாரியாக ஒதுக்கிவைக்க அது இடம் கொடுத்தது. 1990-இல்தான் நீக்கப்பட்டது. வாயிலில் சீட்டு வாங்கி நேரே தண்ணீருக்கு இறங்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம்.

2003 வாக்கில் அணைச்சுவரை 3.5 மீட்டர் உயர்த்தினார்கள். கொள்ளளவு சுமார் 23.5 கோடி கன மீட்டராயிற்று. பழைய கரையோரம் தண்ணீருக்கடியில் போனது. 2015, 2016 வறட்சியில் நிலைமை தலைகீழ். தளம் முடிந்த பிறகும் சேறு நீண்டு கிடந்தது. பின்சக்கரம் புதைந்த வண்டிக்குக் கயிறு கட்டி இழுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொன்னால் வண்டிக்காரருக்குக் கோபம் வரும்.

தளத்தில் தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பாசி பிடிக்கிறது. செருப்புக் காலோடு டிரெய்லர் கொக்கியைக் கழற்றப் போகிறவர் அங்கேதான் வழுக்குகிறார். புரட்டாசியில் நாம் மீனைத் தொடுவதில்லை அல்லவா? சும்மா இருந்த அந்த மாதத்தில் அனுமதி பெற்று, தென்னந்துடைப்பமும் கம்பித்தூரிகையுமாகத் தேய்த்தோம். இளைஞர்களைவிடப் பெரியவர்களே அதிகம் வந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள படகை ஓட்டத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். காலாவதியானதை நீட்டிச் சமாளிக்க வேண்டாம். படகைக் கரையேற்றியதும் எஞ்சின் விசிறியில் சிக்கிய ஆகாயத்தாமரையைத் துப்புரவாக எடுத்துவிடுங்கள். ஒரு துண்டு போதும், அடுத்த ஏரியும் நாறிவிடும்.

1974-இல் தொடங்கிய மிட்மார் மைல் நீச்சல் பிப்ரவரியில் நடக்கிறது. காவடியும் அதையொட்டியே வருவதால், அம்மாதம் நம் மீன்பிடிப் போட்டி வைப்பதில்லை என்ற பழைய முடிவு தொடர்கிறது.

வரலாற்றுக்குப் பழைய புகைப்படங்கள் தேவை. பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீருக்கு முன்பே பொருளாளரைப் பார்க்கவும்.

பணிவன்புடன்,
செயலாளர்